கடப்பும் கம்பிவேலியும்

இங்கிலாந்தின் நாட்டுப்புற ஊரொன்றிற் குடியேறி வாழும் என் தமக்கையின் மகன், சென்ற மாதம் சிறு துண்டுப் பிரசுரம் ஒன்றைத் தபாலில் அனுப்பியிருந்தான். மூன்றாக மடித்த ஒற்றைத் தாள். அவ்வூரைச் சுற்றி இரண்டு மைல் முதல் நான்கு மைல் வரை ஆறுதலாக நடந்து வருதற்குரிய வழிகளை அது கூறுகின்றது. தேவாலய வாயிலிற் புறப்படுக. கல்லறைகளுக்குப் பின்னாலுள்ள சிறு படலையைத் திறந்து, மறவாமல் மூடுக. கோதுமை வயலின் குறுக்கே நேரே சென்று வேலியிலுள்ள கடப்பைத் தாண்டுக. ஓடைக்கு அப்பால் ஆடுகள் மேயும் புல்வெளி வரும், நாயைக் கயிற்றிற் பிடித்துக்கொள்க. இறுதியில் ஊர்த் தவறணையிற் களைப்பாறுக. இவ்வளவே செய்தி. "மாமா, நீங்கள் நடக்கப் பிரியமுள்ளவர் என்பதால் அனுப்புகிறேன்" என்று ஓரத்திற் கிறுக்கியிருந்தான்.

படித்து முடித்தபின் என் மனத்தில் தவறணை நிற்கவில்லை. கோதுமை வயலே நின்றது. அவ்வயல் யாரோ ஒருவருக்குச் சொந்தமானது. அவர் வரிசெலுத்தி, உழுது, விதைத்து, காவல்காத்து வளர்ப்பது. ஆயினும் ஊரார் மாத்திரமன்றி, எங்கிருந்தோ வந்த அந்நியனும் அதனூடாக நடந்து செல்லலாம் என்று அச்சிட்டு வழங்குகிறார்கள். உடையவர் தடுப்பதில்லை; தடுக்கவும் இயலாது. உழவின்போது அவ்வொற்றையடிப் பாதை குலைந்தால், இரண்டு வாரத்துக்குள் அதனை மீளச் சமப்படுத்திக் கொடுத்தல் வேண்டும் என 1990ஆம் ஆண்டுச் சட்டமொன்று அவரைப் பணிக்கின்றது.

இவ்வுரிமை அந்நாட்டாருக்கு வானத்திலிருந்து விழுந்ததன்று. மன்செஸ்ரர் நகரத்து ஆலைத் தொழிலாளரும் இளைஞரும் நூற்றுக்கணக்கிற் கூடி, செல்வரின் வேட்டைப் பறவைகளுக்காக அடைத்துவைக்கப்பட்டிருந்த கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டுநிலத்தில் 1932ஆம் ஆண்டு ஏப்ரில் 24ஆம் நாள் அத்துமீறி ஏறினர். ஐவர் சிறை சென்றனர். பதினேழு ஆண்டுகளின் பின், 1949இல் வந்த சட்டம், ஒவ்வொரு மாவட்ட மன்றமும் தன் எல்லைக்குட்பட்ட நடைவழிகளையெல்லாம் அளந்து வரைபடத்திற் பதியவேண்டும் என விதித்தது. அவ்வரைபடத்தில் ஒரு வழி கோடாக ஏறிவிட்டால், அவ்வழி உண்டென்பதற்கு அக்கோடே முடிந்த சான்று. வேறு சாட்சி வேண்டியதில்லை. இன்று இங்கிலாந்திலும் வேல்சிலுமாக ஏறத்தாழ 1,40,000 மைல் நீளத்துக்கு இத்தகைய வழிகள் உள்ளன. அங்கேயும் சச்சரவு ஓய்ந்தபாடில்லை. பதியப்படாத பழைய வழிகளை 2026ஆம் ஆண்டுக்குள் பதியாவிடின் அவை ஒழியும் என்று 2000ஆம் ஆண்டுச் சட்டம் கெடுவைத்தது. கெடு பின்னர் 2031க்குத் தள்ளப்பட்டது. 2024 டிசெம்பரில், கெடுவையே நீக்குவோம் என்று அரசாங்கம் அறிவித்தது.

இனி நம் வாவிக்கரைக்கு வருவோம்.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. அதன் பரப்பு 140 சதுர கிலோமீற்றருக்குச் சிறிது கூடும். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிவது படுவான்கரை. ஞாயிறு எழும் திசையையும் படும் திசையையும் கொண்டு ஒரு நாட்டுக்கு இரு பெயரிட்ட முன்னோர், நடந்து திரிந்தவர்களாகத்தான் இருந்திருத்தல் வேண்டும். வண்டியிற் செல்வோன் ஞாயிற்றைப் பார்ப்பதில்லை. அவன் கண் தெருவிலேயே நிற்கும்.

இந்நாட்டில் நடைவழிகள் எவ்வாறு அமைந்தன என்பதை ஒருமுறை நடந்து பார்த்தாற்றான் விளங்கும். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரர் கோயிலிலிருந்து மகிழடித்தீவினூடாக மண்முனைத் துறைக்கு வரும் பெருந்தெரு ஒருபுறம் இருக்கட்டும். அதனைவிட்டு விலகினால், வட்டைக்கு வட்டை வரம்புகளே வழி. மாரியில் வெள்ளம் தேங்கும்போது எந்த வரம்பு உயர்ந்து நிற்கிறதோ அதுவே வழி; கோடையில் வயல் காய்ந்தபின் குறுக்கே விழும் தடமே வழி. வயல் முடியுமிடத்தில் கண்ணாப்பற்றைகள் தொடங்கும். அவற்றிடையே ஆள் ஒருவர் புகத்தக்க இடைவெளியொன்று இருக்கும். அதனூடே நுழைந்தால் வாவியின் சேற்றுக்கரை. அங்கே காலையில் இறால் தேடி அத்தாங்குடன் இறங்கும் பெண்கள், வீச்சுவலையைத் தோளிற் போட்டு நிற்கும் ஆண்கள், அவர்களுக்குச் சற்று அப்பால் அதே மீனுக்காக அதே பொறுமையோடு நிற்கும் கொக்குகள். தோட்டங்களின் வேலியில் வழி குறுக்கிடும் இடங்களில், ஆடுமாடு புகாது ஆள்மட்டும் காலைத் தூக்கிவைத்துச் செல்லுமாறு தடிகளைக் குறுக்கே கட்டியிருப்பார்கள். அதனையே கடப்பு என்கிறோம். ஆங்கிலேயன் தன் வேலியிற் செய்துவைத்ததும் இதுவே. வேலியும் என்னுடையது, வழியும் உன்னுடையது என்று ஒரே பொருள் இரண்டையும் கூறுவதற்குக் கடப்பைப்போல ஒன்றை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஊரின் பெயரை எழுதாமல் விடுகிறேன். பிரசுரம் கைக்கு வந்த அடுத்த கிழமை, படுவான்கரையில் என் சிறுபிராயத்தில் நடந்த வழியொன்றைத் தேடிச் சென்றேன். வாய்க்காற் கட்டுவரை எல்லாம் பழையபடியே இருந்தது. அதற்கப்பால், கடப்பு இருந்த இடத்திற் சீமெந்துத் தூண்கள் நடப்பட்டு, நான்கு வரிசை முட்கம்பி இழுக்கப்பட்டிருந்தது. கம்பிக்கு அப்பால் நிலம் செம்மண் கொட்டி உயர்த்தப்பட்டிருந்தது. கண்ணாப்பற்றை இருந்ததற்கான அடையாளம் சில கருகிய கட்டைகளே. மாட்டை மேயவிட்டு வரம்பிற் குந்தியிருந்த பெரியவர் ஒருவர் என் தடுமாற்றத்தைக் கண்டு குரல் கொடுத்தார்.

"அங்கால போக ஏலா தம்பி. கம்பி அடிச்சிட்டாங்க. கிறுகி றோட்டால சுத்திப் போங்க."

"எவ்வளவு காலமாக அண்ணன்?"

"ரெண்டு போகம் ஆகுது. நாம கேட்டதுக்கு, வழி இருந்ததுக்கு எழுத்து இருக்கா எண்டு கேட்டாங்க. கால் நடந்ததுக்கு ஆரு எழுத்து வைச்சிருக்கா?"

சுற்றிச் செல்லும் தெருவை நான் நடந்து பார்த்தேன். முன்பு கால்மணி நேரத்திற் கரைசேர்ந்த இடத்துக்கு இப்பொழுது முக்கால் மணி நேரத்துக்கு மேலாகின்றது. எனக்கு அது உடற்பயிற்சி. நாள்தோறும் ஈரவலையும் கூடையுமாக வரும் பெண்ணுக்கு அது, மீன் விற்கும் நேரத்தில் ஒரு பகுதியை இழப்பதாகும்.

"எழுத்து இருக்கா" என்ற வினாவே இப்பிரச்சினையின் உயிர்நிலை. நம் நாட்டுச் சட்டம் நடைவழியை அறியாததன்று. உரோம டச்சுச் சட்டத்தின் வழிவந்த கொள்கையின்படி, ஊரார் நினைவுக்கெட்டாக் காலந்தொட்டு நடந்துவந்த வழி பொதுவழியே. 'நினைவுக்கெட்டாக் காலம்' என்பதை நீதிமன்றங்கள் ஒரு நூற்றாண்டின் மூன்றிலொரு பங்கு என்று கணக்கிட்டன. அஃதாவது முப்பத்துமூன்று ஆண்டுகளுக்கு மேல். அயலவன் ஒருவனின் நிலத்தினூடாகத் தனியொருவர் வழியுரிமை கோருவதாயின் 1871ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டப்படி பத்தாண்டுகள் தடையின்றி நடந்திருத்தல் போதும். அமைதியான நாட்டில் இவை நல்ல விதிகள். ஆனால், படுவான்கரையில் முப்பத்துமூன்று ஆண்டுகள் தடையின்றி நடந்தவர் யார்?

இங்கேதான் அண்மைக்கால வரலாறு குறுக்கிடுகின்றது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து 2007வரை இப்பகுதியில் வாவியைக் கடப்பதென்பது ஓர் ஆட்சியிலிருந்து மற்றோர் ஆட்சிக்குட் செல்வதாக இருந்தது. வவுணதீவிற் சோதனைச்சாவடி, மண்முனைத் துறையிற் சோதனை. பொழுதுபட்டபின் வரம்பில் நடந்தவன் வீடு திரும்புவான் என்பதற்கு உறுதியில்லை. 1987இலும் 1991இலும் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் நிகழ்ந்த கொலைகளை இங்கே விரிக்கப் புகவில்லை. அவற்றின்பின் எத்தனையோ குடும்பங்கள் இடம்பெயர்ந்தன, எத்தனையோ தடங்களிற் புல் முளைத்தது என்பதைமட்டும் சொல்லுதல் போதும். கால்கள் நின்றது அச்சத்தினால். ஆனால் வழக்கில் அது 'தொடர்ச்சி அற்ற பயன்பாடு' என்றே பெயர் பெறக்கூடும்.

போர்க்காலத்தில் தம் காணிக்குத் திரும்ப இயலாதிருந்தோரின் உரிமை, காலம் கடந்தமையால் அழிந்துவிடக்கூடாது என்று கருதி 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றியது. 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை அது கணக்கிற் கொண்டது. நியாயமான சட்டம். காணியை இழந்தவரை அது நினைந்தது. வழியை இழந்தவரை மனத்திற் கொண்டு எழுதப்பட்டதன்று. காணிக்கு உறுதி உண்டு, உடையவன் உண்டு, வழக்கறிஞர் உண்டு. வழிக்கு நடப்பவர் மட்டுமே உண்டு.

வாவிக்கரையைக் காக்க வேறு சட்டம் இல்லையா என்று நேயர்கள் வினவலாம். உண்டு. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 2011இல் திருத்தப்பட்டபோது, கடலோடு தொடர்புடைய வாவிகளின் விளிம்பையொட்டிய நூறு மீற்றர் அகலமும் கரையோர வலயத்துட் கொண்டுவரப்பட்டது. அங்கே கட்டடம் எழுப்புவதற்கும் நிலம் நிரப்புவதற்கும் அனுமதி பெறல் வேண்டும். எனினும் அச்சட்டத்தின் கண் கட்டுவோன்மேல் வைக்கப்பட்டுள்ளது, நடப்போன்மேலன்று. அனுமதி பெற்றுக் கட்டியவன் வழியை மறித்தால் என்ன செய்வது? அனுமதி பெறாமல் இரவோடிரவாகக் கம்பி இழுத்தவனை யார் போய்ப் பார்ப்பது? இரண்டுக்கும் விடை, அவ்விடத்தில் வழியொன்று இருந்தது என்று முதலில் நிறுவுவதிலேயே தங்கியுள்ளது. மறுபடியும் எழுத்து.

இவ்வளவும் கூறியபின், வேலி அடைப்பவனைக் கொடியவனாகவே காட்டிவிடுதல் முறையன்று. படுவான்கரையில் யானைத் தொல்லை கடுமையானது. விளைந்த வயலை ஓரிரவில் இழந்தவன் வேலியை நாடாமல் வேறு எதனை நாடுவான்? மாரியில் வரம்பு மிதிபட்டுச் சரிந்தால் நீர் வடிந்து பயிர் காயும் என்பதும் உண்மை. போடியார் காலத்தில் இவற்றையெல்லாம் வட்டவிதானை பார்த்துக்கொண்டார். எந்த வரம்பில் எப்பொழுது நடக்கலாம், எங்கே மாட்டைத் திருப்பவேண்டும் என்பது அவர் சொல்லால் நடந்தது. அச்சொல்லுக்கு இருந்த மதிப்பு குறைந்தது. அதன் இடத்தில் வேறொன்று வரவில்லை. இரண்டுக்கும் நடுவேதான் கம்பி இழுக்கப்படுகிறது. வேலி வேண்டுவோனுக்கு வேலி இருக்கட்டும். அதிற் கடப்பு ஒன்று வைக்கமாட்டானா என்பதே கேள்வி.

இவ்விடத்திற் சொல்லொன்றைப் பற்றிக் கூறத் தோன்றுகின்றது. வெளியூரிலிருந்து வருவோர், 'பாதையில் ஏறி அக்கரை போனோம்' என்று நம்மவர் கூறக்கேட்டுத் திகைப்பதுண்டு. வாகனங்களையும் ஆள்களையும் ஏற்றி நீரைக் கடக்கும் தட்டையான மிதவைக்கு நம் கிழக்கிற் 'பாதை' என்றே பெயர். தெரு நீர்விளிம்பில் முடிவதில்லை, நீரின்மேலும் தொடர்கின்றது என்ற எண்ணம் இப்பெயரில் அடங்கியிருக்கிறது. மண்முனையிற் பாலம் 2014இல் திறக்கப்பட்டதும் அங்கே பாதை நின்றது. பாலத்தால் விளைந்த நன்மையை மறுப்பவர் யாரும் இலர். நோயாளியை நள்ளிரவில் துறையிற் காத்திருக்க வைத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால், பாலமும் இல்லை, உரிய பாதையும் இல்லை என்ற இடைநிலையின் விலையை 2021 நவம்பர் 23ஆம் நாள் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியா அறிந்தது. குறிஞ்சாக்கேணியிற் பாலவேலை நடந்துகொண்டிருந்தபோது மாற்றாக ஓடிய மிதவை கவிழ்ந்து, பள்ளிக்குச் சென்ற சிறுவர் உட்படப் பலர் மாண்டனர். நடந்து செல்லும் மக்களின் வழி எவருடைய பொறுப்பிலும் இல்லாதுபோனால், அது பொழுதுபோக்கின் குறைவன்று; உயிரிழப்பு.

பொழுதுபோக்கு என்றதும், நகரத்துக் காட்சியும் நினைவுக்கு வருகின்றது. புளியந்தீவைச் சுற்றியும் காந்திப் பூங்காவையொட்டியும் மாலைவேளைகளில் நடப்போர் பலர். 1924இல் அமைந்த கல்லடிப் பழைய பாலமோ, 2013இற் புதிய பாலம் அருகே எழுந்தபின், விரைவு வாகனங்களின் நெருக்குதலிலிருந்து பெரிதும் விடுபட்டது. அதன்மேல் நின்று வாவியைப் பார்ப்பது இன்று எளிது. நிலாக்காலத்தில் அவ்விடத்து நீரினடியிலிருந்து எழும் இசையை எமர்சன் ரெனன்ற் 1859இல் வெளிவந்த தம் நூலிற் குறித்தார். விபுலாநந்த அடிகளார் 'நீரரமகளிர்' என்று பாடினார். 1947இல் மறைந்த அடிகளாரின் சமாதியும் கல்லடி உப்போடையில், பாலத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேதான் உள்ளது. இவற்றுக்கெல்லாம் கல்பதித்து விளக்கேற்றுவதை நான் குறைகூறவில்லை. ஆயினும், நகரத்தில் நடப்பதற்காக ஒரு பாதை புதிதாகக் கட்டப்படும் அதே காலத்தில், ஊரில் நடந்துவந்த பாதை மறைகின்றது. முன்னதற்குத் திறப்புவிழா உண்டு. பின்னது மறைந்த நாளைக் குறித்துவைப்பாரில்லை. போரின் பின் பாசிக்குடாவில் வரிசையாக விடுதிகள் எழுந்தபோது, தோணி ஏற்றுமிடமும் கரைக்குச் செல்லும் வழியும் ஒடுங்கின என்று மீனவர் முறையிட்டதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வாவிக்கரையும் அவ்வாறு ஆகவேண்டுமென்பதில்லை.

நம் நாட்டின் மிக நீண்ட நடையைப் பற்றிக் கூறாமல் இப்பொருள் நிறைவுறாது. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிற் புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், சித்தாண்டி, மாமாங்கம், மண்டூர், திருக்கோவில், உகந்தை எனக் கோயில் கோயிலாகத் தங்கிக் கதிர்காமம் சேரும் பாதயாத்திரை அது. 1983இன் பின் போரினால் தடைப்பட்டு, 1988இல் மீண்டும் தொடங்கியது. இருந்தும் அந்நடைக்கென எங்கும் வரைந்துவைத்த வழி கிடையாது. வழிநெடுக அன்னமிடும் ஊர்களின் பழக்கமே அதன் வரைபடம். உகந்தைக்கு அப்பால் குமண, யால காடுகளினூடே செல்லும் பகுதி மட்டும் ஆண்டுதோறும் அதிகாரிகள் குறித்த நாள்களில் திறக்கப்படுகின்றது. அந்நாள்களைக் கூட்டுவதா குறைப்பதா என்று ஆண்டுதோறும் விவாதமும் எழுகின்றது. காட்டையும் அடியாரையும் ஒருங்கே காக்க நாள் குறிப்பதில் நியாயம் உண்டு. ஆனால் தலைமுறை தலைமுறையாக நடந்த வழியில், ஒவ்வோராண்டும் புதிதாக அனுமதி கேட்டு நிற்பது விந்தையே. இங்கிலாந்தின் தொழிலாளி ஒரு ஞாயிற்றுக்கிழமை நடைக்காகச் சிறை சென்று சட்டம் பெற்றான். நம் அடியார் பக்தியினால் நடந்தனர். எனவே சட்டத்தை நினைக்கவில்லை.

என்ன செய்யலாம்? பெரிய சட்டமொன்று கொழும்பில் எழுதப்படும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம், தம் எல்லைக்குட்பட்ட பொதுவழிகளைச் சபைகளின் பொறுப்பிலேயே வைத்துள்ளது. சிக்கல் யாதெனின், அச்சபைகள் 2023 மார்ச்சிற் கலைந்து, 2025 மே 6ஆம் நாள் தேர்தல் நடக்கும்வரை மக்கள் பிரதிநிதிகள் இன்றியே இயங்கின. வேலிகள் விரைந்த காலமும் ஏறக்குறைய அதுவே. இன்று உறுப்பினர் இருக்கின்றனர். தெருவுக்குக் கொங்கிறீற்று இடுவதில் அவர்களுக்குள்ள ஊக்கத்திற் பத்திலொரு பங்கு, வழிகளின் பட்டியலொன்றைத் தயாரிப்பதிற் செலவானாற் போதும். அதற்குச் சான்றும் இல்லாமலில்லை. நில அளவைத் திணைக்களத்தார் அந்நாளில் வெளியிட்ட, ஓரங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவான பழைய படங்களில் ஒற்றையடிப் பாதைகள் புள்ளிக்கோடுகளாகக் குறிக்கப்பட்டுள்ளன. கிராமப் படங்களிலும் பல வழிகள் உண்டு. அவற்றை எடுத்துவைத்துக்கொண்டு, ஊரின் முதியவர் இருவரையும் இளைஞர் இருவரையும் கூட்டிச்சென்று ஒருமுறை நடந்தால், எது வாழ்கின்றது, எது மறிக்கப்பட்டது, எதனை ஊரே கைவிட்டது என்பது தெரிந்துவிடும். எல்லா வழியையும் மீட்கவேண்டுமென்று நான் வாதிடவில்லை. சில வழிகளுக்கு இன்று தேவையே இல்லை. தேவையுள்ளதை எழுத்திற் பதிவதுதான் அவசரம்.

ஏன் அவசரம் என்பதற்கு ஒரு கணக்கு. 1983க்கு முன் அறிவறிந்த பருவத்தில் அவ்வழிகளில் நடந்து, இன்ன இடத்திற் கடப்பு இருந்தது, இன்ன மரத்தடியிற் கிறுகினோம் என்று சத்தியக் கடதாசியிற் சொல்லக்கூடியவர் எவரும் இன்று ஐம்பதுகளின் நடுவைத் தாண்டியவராகவே இருப்பார். முப்பத்துமூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குச் சாட்சி அவர்களிடமே உள்ளது.

மருமகனின் பிரசுரத்தைப்போல நம் ஊருக்கும் ஒன்று எழுதினால் என்ன என்று ஒருநாள் தாளும் எழுதுகோலுமாக உட்கார்ந்தேன். கோயில் வாயிலிற் புறப்படுக. தேர்முட்டியைக் கடந்து ஒழுங்கையிற் கிறுகுக. வட்டைக்குள் இறங்கினால் இடப்புறத்து உயர்ந்த வரம்பையே பிடித்துச் செல்க, பயிர்க்காலமாயின் ஒருவர்பின் ஒருவராக. வாய்க்காற் கட்டில் நின்றால் வாவி தெரியும். மாலை நான்கு மணிக்குப்பின் யானை நடமாட்டத்தை விசாரித்துக்கொள்க. இவ்வளவும் எழுதினேன். அடுத்த வரி கடப்பைப் பற்றியது.

அதனை எழுத இயலாமையால் வேறொரு தாளை எடுத்தேன். மாடு மேய்த்த பெரியவரிடம் மீண்டும் சென்று, அவர் நடந்த வழியை அவர் வாய்மொழியாலேயே எழுதி, அவர் அடையாளத்தையும் வாங்கினேன். அவர் மற்றவர்களைக் காட்டினார். இதுவரை பதினொருவர் எழுத்திற் கொடுத்திருக்கிறார்கள். அப்படிகள் பிரதேச சபையிற் சேர்க்கப்பட்டுவிட்டன, பற்றுச்சீட்டும் கிடைத்தது. பதினொருவருள் மூவர் எண்பது வயதைக் கடந்தவர்கள்.